மதிப்பீட்டில் இல்லாத மஞ்சள் குங்குமம்

பெங்களூரில் வீடு விலைக்குப் பார்க்கப் போனால் முதலில் கைக்கு வருவது வெல்லம். ஒரு தட்டில் அச்சு வெல்லத் துண்டு, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை விலையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் படியிறங்கும்போதும் அதே சிரித்த முகம்தான். குடியாத்தத்தில் நாங்கள் வாடகைக்கு வீடு கேட்கப் போனபோது, வீட்டுக்காரர் கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு, இடுக்கு வழியாக எங்கள் சாதியையும் சம்பளத்தையும் விசாரித்தார். நம் ஊரைக் குறை சொல்கிறாளே என்று அங்கிருக்கும் நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வெல்லம் தின்ற வாய் கொஞ்சம் அப்படித்தான் பேசும்.

நான் இங்கே ஒரு தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் தொழிற்சாலையில் ஃபிட்டர். பிரேசர் டவுனில் ஒண்டுக் குடித்தனமாக இருந்து அலுத்துப் போய், லிங்கராஜபுரத்தில் ஒரு ஓட்டு வீட்டைப் பேசி முடித்தோம். விற்கிறவர் நஞ்சம்மா என்ற கன்னடத்து அம்மாள், கணவரை இழந்தவர். மகனுக்குப் பத்ராவதியில் வேலை கிடைத்து, அவனோடு போய் இருப்பதற்காக விற்றார். விலை படிந்ததும் நான் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்தேன். வீட்டு விலை வேறு, வீடு கைக்கு வரும்வரை ஆகும் செலவு வேறு என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், பத்திரம் எழுதுகிறவர் கூலி, வில்லங்கம் பார்க்க, தரகு, நகரசபையில் பெயர் மாற்ற, கடைசியில் வெள்ளையடிக்க. அந்தக் காகிதத்தைப் பெருமையோடு கணவரிடம் நீட்டினேன். "இதுல நம்ம சோறு தண்ணி எங்க இருக்குது?" என்று கேட்டார். அவருக்கு எப்போதும் கேலிதான்.

வேறு ராஜ்யத்தில் வீடு வாங்கும் நம்மவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். நம் ஊர்க் கணக்கை மூட்டை கட்டிக்கொண்டு வராதீர்கள். குடியாத்தத்தில் இருக்கும் என் அண்ணன், தங்கைக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று, அங்கேயே முத்திரைத்தாளை வாங்கிப் பத்திரமாக அனுப்பியிருந்தார். அவருக்குப் பத்திர விஷயமெல்லாம் தண்ணி பட்ட பாடு. பத்திரம் எழுதுகிறவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது மெட்ராஸ் சர்க்காருது, டீச்சர். மைசூர் ராஜ்யத்துல நடக்காது" என்றார். நம் ஊரில் இப்படி ஒருத்தி வந்து மாட்டியிருந்தால் பதிவு ஆபீஸ் வாசலே கூடிச் சிரித்திருக்கும். இவரோ, திருப்பிக் கொடுத்தால் ஏதோ பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள் என்று வழி சொல்லி, மடங்காமல் உறையில் போட்டும் கொடுத்தார். ஆனால் அதே தாளை இங்கே மறுபடி வாங்கியதில் என் கை சுத்தமாக வறண்டுவிட்டது. வெள்ளையடிக்க ஒதுக்கியது ஒன்றுதான் மிச்சம்.

பதிவுக்குக் குறித்த நாள் எங்கள் ஒப்பந்தத்தின் கடைசி நாள். அது தவறினால் கொடுத்த முன்பணம் போச்சு. குடியிருந்த வீட்டைக் காலி செய்வதாகவும் சொல்லியாயிற்று. எல்லாம் எழுதி முடிந்து, பெருவிரலில் மை தடவப் போகும் நேரத்தில் நஞ்சம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"மகளு பரலி. ஆமேலெ ஹெப்பெட்டு" என்றார். மகள் வரட்டும், அப்புறம்தான் கைநாட்டு.

எனக்குச் சுரீரென்றது. கடைசி நிமிஷத்தில் விலையை ஏற்றுகிற வித்தை என்றே நினைத்தேன். "இன்னும் எவ்வளவு வேணுமாம்?" என்று தரகர் பாஷா பாயிடம் கத்தினேன்.

"அரே, துட்டு இல்ல டீச்சரம்மா" என்றார் அவர். "அந்த வீட்ல பொறந்த பொண்ணு. அதுக்கு மஞ்சக் குங்குமம் குடுத்து மனசு குளிர வெக்காம வீட்டை விக்க மாட்டாங்களாம். பணம் இவங்களே குடுப்பாங்க. வாங்கற உங்க கையாலயும் கொஞ்சம் மஞ்சக் குங்குமம், ஒரு ரவிக்கத் துணி குடுக்கணுமாம். அவ்வளவுதான்."

பத்திரம் எழுதுகிறவர் குறுக்கே வந்தார். வீடு நஞ்சம்மாவின் பேரில்தான் இருக்கிறது, லா பிரகாரம் மகள் தேவையே இல்லை என்று எங்களுக்குத் தமிழிலும் அவருக்குக் கன்னடத்திலும் விளக்கினார். நஞ்சம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கானூனு நிமகெ. மகளு நனகெ" என்றார்.

சட்டம் உங்களுக்கு, மகள் எனக்கு. நான் போய் அவர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை.

எங்கள் அப்பா காலமானபோது, பெண்களுக்கும் பங்கு உண்டு என்ற புதுச் சட்டம் வந்துவிட்டிருந்தது. அதனால் என் கையெழுத்து இல்லாமல் அண்ணனால் வீட்டை விற்க முடியவில்லை. வரச் சொல்லிக் கடிதம் போட்டார். காலை ரயிலில் போய் இறங்கினேன். ஸ்டேஷனிலிருந்து நேராகப் பதிவு ஆபீஸ். எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதியிருந்த விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். ஓட்டலில் தோசையும் காபியும் வாங்கிக் கொடுத்தார். வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். "அங்க என்னம்மா இருக்குது? ரயிலுக்கு நேரமாயிடும்" என்றார். என் அண்ணன் கெட்டவர் இல்லை. கடன்காரர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்து போனவர். ஆனாலும் அன்று ரயிலில் ஆம்பூர் தாண்டும்வரை அழுதேன். அண்ணனுக்கு என் கையெழுத்து வேண்டியிருந்தது, நான் வேண்டியிருக்கவில்லை. இங்கே ஒரு தாய், தேவையே இல்லாத மகளுக்காக ஒரு ஆபீஸையே காக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் மேல் எனக்கு வந்தது மரியாதை மட்டுமல்ல, பொறாமையும்தான்.

ஆபீஸ் மூடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் இனிக் கைநாட்டு வைக்கச் சொல்லி அவரை நெருக்க எனக்கு மனசு வரவில்லை. வெள்ளையடிக்க வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு கடைவீதிக்கு ஓடினேன். ரவிக்கைத் துணியோடு நிற்காமல் சேலையாகவே எடுத்தேன். வளையல், பூ, தேங்காய், மஞ்சள், குங்குமம் எல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். ஹொசகோட்டேயிலிருந்து வந்த பஸ் வழியில் நின்றுவிட்டதாம். அவள்தான் மகள் ஜயம்மா. நஞ்சம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து அவள் மடியில் பணத்தை வைத்தார். நான் குங்குமம் இட்டுச் சேலையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, வீடு போகிறதே என்று அவள் விசும்பினாள். நானும் அழுதேன். பாஷா பாய் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நஞ்சம்மா என் கையைப் பிடித்து, "கௌரி ஹப்பக்கே பந்த்ரெ, ஒளகெ கரீரம்மா" என்றார். கௌரி பண்டிகைக்கு இவள் வந்தால் உள்ளே கூப்பிடு. இங்கே கல்யாணமான பெண்கள் அந்தப் பண்டிகைக்குத்தான் தாய்வீடு போகிறார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில், கூப்பிடுகிறேன் என்றேன். அப்புறம்தான் பெருவிரல் மைக்கு வந்தது. பதிவு முடிந்தபோது எங்கள் பின்னாலேயே ஆபீஸ் கதவைச் சாத்தினார்கள்.

புகை படிந்த சுவரோடுதான் குடி புகுந்தோம். கௌரி பண்டிகையன்று காலையில் ஜயம்மா வந்து தெருக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரத் தயங்கினாள். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அப்புறம் என்னைக் கேட்கவேயில்லை. நேராகக் கொல்லைக்குப் போய்க் கொய்யா மரத்தில் குழந்தையைத் தூக்கி உட்கார வைத்தாள். துணி உலர்த்தும் கொடியை நான் தப்பான இடத்தில் கட்டியிருப்பதாகச் சொல்லி அவிழ்த்து மாற்றினாள். இலை போட்டு உட்கார வைத்தேன்.

சாப்பிடும்போது கேட்டாள்: "அக்கா, நிம்ம தவரு மனெ எல்லி?"

தாய்வீடு எங்கே என்கிறாள். குடியாத்தம் என்று சொல்ல வாய் திறந்தேன். அங்கே இப்போது யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? "இதே" என்றேன், இதுதான் என்று.

எனக்குக் கன்னடம் புரியவில்லை என்று நினைத்து அவள் சிரித்தாள். "இது நந்து, அக்கா!"

இது என்னுடையது என்கிறாள். பத்திரம் என் பேரில் பெட்டிக்குள் இருந்தது. இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா என்று கேட்டேன். கன்னடத்தில் ஆரம்பித்த கேள்வி தமிழில் முடிந்தது. அவள் இலையை என் பக்கம் நகர்த்தினாள்.