நிர்வாகம் என்றால் யார்?

தேனியில் நான் டைப்பிஸ்டாக இருந்த, பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் பஞ்சு அரவை மில்லில், கிழிந்த சேலை முந்தானை ஒன்று ஓடுகிற பெல்ட்டோடு சுற்றிச் சுற்றி வந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. யுத்த காலம் அது. முந்தானைக்கு உரியவளைப் பிறந்த ஊரை வைத்து அனுமந்தன்பட்டிக்காரி என்போம். துணி கிழிந்ததால் அவள் பிழைத்தாள். பெல்ட்டுக்குத் தடுப்பு போடும்வரை எந்திரத்தருகே போகமாட்டோம் என்று பெண்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

மதுரைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் உத்தரவு வந்தது. அதைத் தமிழாக்கி ஒட்டியவன் நான். ‘எந்திரத்தால் நேரும் ஆபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. சம்மதிப்பவர்கள் கைரேகை வைத்து வேலைக்கு வரலாம்.’ படித்துக் காட்டியபோதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

“நிர்வாகம்னா யாருங்கய்யா? மொதலாளியா?” என்று கேட்டாள் அனுமந்தன்பட்டிக்காரி.

“இல்ல ஆத்தா. முதலாளி ஒருத்தர் இல்ல, பங்குதாரங்க நெறையப் பேரு.”

“அப்ப மானேஜரா?”

“அவுகளும் சம்பளக்காரகதான்.”

“ரேகை வைக்க எங்களுக்குக் கை இருக்கு. அந்த நிர்வாகத்துக்குக் கை இருக்கா? இருந்தா அதையும் இங்கன வைக்கச் சொல்லுங்க.”

உள்ளே இருந்த ஹெட்கிளார்க் எழுந்து வந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். அதிர்ந்து பேசாதவர். என் அறிவிப்பின் கீழே, ‘தடுப்பு பொருத்தும்வரை பெல்ட் ஓடாது. நிர்வாகத்துக்காக’ என்று எழுதித் தன் பெயரைக் கையெழுத்திட்டார். எந்திரம் நின்றது.

அதன்பின் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாலையில் கார்ச் சத்தம் கேட்டாலே மதுரையிலிருந்து ஆள் வந்துவிட்டதோ என்று எழுந்துபோய்ப் பார்ப்பேன். என் மனைவிக்கு அது ஒன்பதாம் மாதம். அந்தத் தாளில் என் தமிழும் இருக்கிறதே, என்னையும் சேர்த்துப் பிடிப்பார்களோ என்ற பயம். நாலாம் நாள் மதுரையிலிருந்து கம்பிவலைத் தடுப்பு வந்து இறங்கியது. அன்று மாலையே மானேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் சொன்னார். ஹெட்கிளார்க்கின் சேவை இனித் தேவையில்லை, இப்படிக்கு, நிர்வாகம். டைப் அடிக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அடித்தேன்.

அவர் அதை வாசித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தார். “நீ என்ன செய்வ தம்பி. வீட்டுல பிள்ளைத்தாச்சி. போயி வேலையப் பாரு” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் அவருடைய நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். அவர் இருந்த காலத்தில் மில்லுக்குள் நடந்தால் பெண்கள், “அய்யா வாறாக” என்று வழிவிடுவார்கள். நான் முதல்முறை போனபோதும் வழிவிட்டார்கள். அனுமந்தன்பட்டிக்காரி பக்கத்தில் இருந்தவளைத் தொட்டுச் சொன்னது எனக்குக் கேட்டது.

“தள்ளி நில்லு ஆத்தா. நிர்வாகம் வருது.”