நான்காவது பூட்டு

இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஓசூர் தொழிற்பேட்டையில். பேய் என்றால் அமாவாசை வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். அன்று வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நம்பாதவர்களைப் பற்றியும் எனக்குக் கவலையில்லை. இதை முதலில் நம்பாதவர் இது யாருக்கு நடந்ததோ அவரேதான்.

அவர் பெயர் பாக்கியராஜ். ஐம்பத்திரண்டு வயது. சுவருக்கு அடிக்கிற பட்டித் தூள் தயாரிக்கும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். தன்னைத் தவிர உலகத்தில் எல்லோரும் மூளையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வேலைக்கு வருகிறார்கள் என்பது அவருடைய தீர்மானமான கருத்து. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் மனைவி சூசைமேரியைப் பார்த்து, "சாமிக்கும் லீவு குடும்மா, தூங்கட்டும்" என்பார். புதிய மெஷினில் தொழிலாளி திம்மராயன் கட்டிய எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து, கேண்டீனில் ஜூஸ் போடச் சொல்லி, அவன் எதிரிலேயே குடித்தவர்.

அவருக்கு இருந்த ஒரே நண்பர் ஷேக் தாவூத். பழைய மெஷின்களை வாங்கி விற்கிறவர். பாக்கியராஜ் அவரையும் மதித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் தாவூத்திடம் கார் இருந்தது. சொல்வதையெல்லாம் கேட்கும் பொறுமையும் இருந்தது. ஞாயிறானால் இருவரும் எங்காவது கிளம்பிவிடுவார்கள். அந்த ஞாயிறு பாரூர் ஏரிக்குப் போய் மீன் சாப்பிடுவதாகத் திட்டம்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. கம்பெனியின் பெரிய மிக்சரைச் சுத்தம் செய்து ஓட்டிப் பார்க்க வேண்டும். லாரி டேங்கைப் படுக்கப் போட்டதுபோல இருக்கும் அது. உள்ளே ஆள் உயர இரும்புக் கத்திகள். பக்கவாட்டில் குனிந்து நுழைய ஒரே ஒரு கதவு. உள்ளே இறங்குகிற ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சில் தன் பூட்டைத் தொங்கவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கடைசிப் பூட்டு திறக்கும்வரை சுவிட்ச் அசையாது. யாராவது உள்ளே இருக்கும்போது மெஷின் ஓடிவிடக் கூடாதல்லவா?

அன்று இறங்கியது மூன்று பேர். ஃபிட்டர் முனிவேல், பாகலூர் திம்மராயன், ஒடிசாக்காரர் ஒருவர். மதியத்துக்குள் முடித்து வெளியே வந்து, மூவரும் தத்தம் சிவப்புப் பூட்டைத் திறந்து எடுத்துக்கொண்டு கை கால் கழுவப் போனார்கள். கேட்டில் தாவூத்தின் கார் ஹாரன் அடித்தது.

பாக்கியராஜ் சுவிட்சிடம் போனார். இன்னொரு பூட்டு தொங்கியது.

பித்தளைப் பூட்டு. கம்பெனிப் பூட்டே இல்லை. தொட்டுப் பார்த்தார். யாரோ இவ்வளவு நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து இப்போதுதான் மாட்டியதுபோல வெதுவெதுப்பாக இருந்தது.

"எவன்டா இது வீட்டுப் பூட்டக் கொண்டாந்து மாட்டுனவன்?"

மிக்சருக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

சரக்... சரக்... சரக்...

கதவில் குனிந்து பார்த்தார். கத்திகளுக்கு அப்பால் ஒருவன் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான். இரும்புத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் வெள்ளைத் தூள்.

காண்ட்ராக்டர் அனுப்பிய ஆளாக இருக்கும். அப்படித்தான் நினைத்தார்.

"ஏய்! யார்ரா நீ? எல்லாரும் வெளிய வந்தாச்சு, நீ என்னா கோலமா போட்டுட்டு இருக்கற?"

"ஸ்வல்ப இரி சார்" என்றான் அவன், திரும்பாமல். கன்னடம் கலந்த பேச்சு; பொறுக்கச் சொல்கிறான். "கொஞ்சந்தான் பாக்கி இருக்கு."

"உனக்காக நான் மீனு சாப்புடாம நிக்கணுமா? வேல தெரியாத நாயிங்கள எல்லாம் அனுப்பி என் உசுர வாங்கறானுங்க. வெளிய வாடா!"

இப்படி வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இருந்தார். திட்டும்போதுதான் கவனித்தார். உள்ளே விளக்கு இல்லை. லைட்டை முனிவேல் எடுத்துப் போய்விட்டான். இருட்டில் அவன் எப்படிச் சுரண்டுகிறான்?

இன்னொன்றும் உறுத்தியது. சுரண்டுகிற இடத்திலிருந்து தூசியே பறக்கவில்லை.

சரக் சத்தம் நின்றது.

கதவு வழியாக ஒரு கை வெளியே நீண்டது. முழங்கை வரை வெள்ளை. உள்ளங்கை மேலே பார்த்தபடி... தூக்கிவிடச் சொல்வதுபோல.

"கை குடுத்து எறக்க நீ என்ன மாப்ளயா? நீயே வா!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது மூன்று பேரும் வந்தார்கள்.

"யாருகிட்டங்க சார் பேசறீங்க?" என்றான் முனிவேல்.

"நாலாவதா ஒருத்தன உள்ள விட்டுட்டு என்னையே கேக்கறியா?"

"நாங்க மூணு பேருதானுங்களே சார்..."

திரும்பினார். கை இல்லை.

டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பாக்கியராஜ் பார்த்தார். முனிவேல் பார்த்தான். திம்மராயனும் பார்த்தான். கத்திகள். சுவர். துடைத்துவிட்டதுபோலச் சுத்தமான தரை. யாருமே இல்லை.

"சார், இன்னிக்கி வேணாங்க சார்" என்றான் திம்மராயன். "அந்தப் பூட்ட விட்ருங்க."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பயந்திருந்த பாக்கியராஜுக்குப் பழைய இளக்காரம் பொங்கிக்கொண்டு வந்தது.

"எலுமிச்சம்பழம் கேக்குதா உனக்கு? கட்டர எடுறா!"

யாரும் நகரவில்லை. அவரே எடுத்தார். அவரே வெட்டினார். பித்தளைப் பூட்டு தரையில் விழுந்தது. கதவைச் சாத்தினார். சுவிட்சைப் போட்டார். பட்டனை அழுத்தினார்.

கத்திகள் சுழன்றன.

டொக்.

ஒரே ஒருமுறை. கதவின் உள்பக்கத்தில். விரல் முட்டியால் தட்டியதுபோல...

"சார்!" முனிவேல் கத்தினான்.

"பட்டிக் கட்டிடா. உடையுது."

அப்போதுதான் சுரண்டிக் கழுவிய டேங்க். அதில் கட்டி ஏது? யாரும் கேட்கவில்லை. மெஷின் சீராக ஓடியது. பாக்கியராஜ் காரில் ஏறிவிட்டார்.

கிருஷ்ணகிரி தாண்டும்வரை அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பாரூர் ஏரிக்கரையில் பொரித்த மீன் வந்ததும்தான் வாய் திறந்தார். வேடிக்கைக் கதை மாதிரி, தானே சிரித்துக்கொண்டு சொன்னார். ஆனால் விரல்கள் முள்ளை எடுக்கவில்லை. மீனைப் பிய்த்துப் பிய்த்து இலையில் குவித்தன.

தாவூத் சிரிக்கவில்லை.

"பித்தளப் பூட்டா?" என்றார்.

"ஆமா பாய். ஏன்?"

தாவூத் இலையைத் தள்ளி வைத்தார். அந்த மிக்சரைக் கர்நாடகப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து வாங்கி, பாக்கியராஜின் கம்பெனிக்கு விற்றவரே அவர்தான்.

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன் பாக்கியா. சொன்னா சிரிப்ப. அந்த மிக்சர்ல ஒரு ஆளு போயிட்டான். சுத்தம் பண்ண எறங்குனவன். கம்பெனிப் பூட்டு தீந்துபோச்சின்னு வீட்லருந்து பூட்டு கொண்டாந்து மாட்டிருக்கான். அவசரத்துல இன்ஜினியரு அத வெட்டிட்டு ஆன் பண்ணிட்டாரு."

பாக்கியராஜ் தண்ணீரைக் குடித்தார். வழக்கம்போல ஏளனம் உதவிக்கு வந்தது.

"பாக்காம ஆன் பண்ணிருக்கான். முட்டாப்பய. உள்ள எட்டிப் பாத்தா தெரிஞ்சிருக்கும்ல?"

தாவூத் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பாத்திருக்காங்கப்பா. மூணு பேரு. இன்ஜினியரு, இன்னும் ரெண்டு ஆளு. டார்ச் அடிச்சிப் பாத்தாங்களாம். கோர்ட்ல குரான் மேல, கீதை மேல சத்தியம் பண்ணிச் சொல்லிருக்காங்க... உள்ள யாருமே இல்லன்னு."

பாக்கியராஜின் கை மீனிலேயே நின்றுவிட்டது.

பிறகு அந்த எண்ணெய்க் கையோடு போனை எடுத்தார். முனிவேலைக் கூப்பிட்டார்.

"மெஷின நிறுத்து. கம்பெனிக்குள்ள இன்னிக்கி வந்த ஆளுங்க எல்லாரையும் நிக்க வெச்சி எண்ணு."

அவர் குரலை அப்படி முனிவேல் கேட்டதே இல்லையாம். சற்று நேரம் கழித்துச் சொன்னான்.

"எண்ணிட்டங்க சார். எல்லாரும் இருக்கறோம்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தங்க சார்."

"நானும் பாத்தேன்டா..." என்றார் பாக்கியராஜ். "தயவு செஞ்சி இன்னொரு தடவ எண்ணு."