தோணுச்சா என்று கேட்கக் கற்ற வீடு

“பேசுறதுக்கு எதுக்குட்டி பஸ் ஏறிப் போகணும்? இங்க பேச ஆளா இல்ல?” என்று அத்தை கேட்டாள்.

கேட்டது நியாயம்தான். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பேச்சுக்கு என்றைக்கும் குறை இருந்ததில்லை. நான் போகவிருந்ததோ ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு. அங்கே ஓர் ஆலோசகர் வாரம் ஒரு நாள் என்னிடம் பேசுவார், அதுவும் சிகிச்சைதான் என்று அத்தைக்கு விளக்கியிருந்தேன். பேச்சு ஒரு மருந்து என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

கல்லூரி இரண்டாம் ஆண்டிலிருந்தே நான் என்னைக் காயப்படுத்திக்கொண்டிருந்தேன். மனத்துக்குள் ஏதோ ஒன்று தாங்க முடியாமல் ஏறும். அப்படிச் செய்தால் சற்று நேரம் அடங்கும். பிறகு வெட்கம் வரும், அந்த வெட்கமே அடுத்த முறைக்கு வழி செய்யும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்கு அன்றும் பெருமை, இன்றும் பெருமை. எனக்கு மதிப்பெண் வரும்போதெல்லாம் அம்மா தான் வேலை பார்க்கும் நூற்பாலையில் ஒரு செக்‌ஷன் பாக்கியில்லாமல் மிட்டாய் கொடுப்பாள். அப்படிப்பட்டவளிடம் போய் எனக்கு மனசு சரியில்லை என்று எப்படிச் சொல்வது?

கடைசி ஆண்டு மார்ச்சில் காயத்தை அம்மாவே பார்த்துவிட்டாள். அழவில்லை, அடிக்கவில்லை. “மதுரையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்” என்று மட்டும் சொன்னாள்.

மதுரை என்றால் முதுகலை சமூகப்பணிப் படிப்பு. விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும், ஜூலையில் வகுப்பு தொடங்கும். வீட்டிலேயே தனியாக விட முடியாத பெண்ணை வேறு ஊருக்கு யார் அனுப்புவார்கள்? ஜூலைக்குள் அம்மாவுக்கு என்மேல் நம்பிக்கை வர வேண்டும். அதைவிட முக்கியம், எனக்கே வர வேண்டும்.

முதல் நாள் அந்த ஆலோசகர் நேராகக் கேட்டார், சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று. பக்கத்தில் இருந்த அம்மா பதறிப்போனாள். கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டால்தான் சொல்வார்கள் என்று அவர் அம்மாவிடம் விளக்கினார். இல்லை, சாக நினைக்கவில்லை, சில காலைகளில் எழுந்திருக்கத்தான் பிடிக்கவில்லை என்றேன். அதைச் சொன்னதுமே உடம்பு லேசானது. டாக்டர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார், நாங்களாக நிறுத்தக் கூடாது என்றார். ஆலோசகர் வியாழக்கிழமைகளில் வரச் சொன்னார். கிளம்பும்போது, கொஞ்ச நாளைக்குத் தனியாக விடாதீர்கள் என்றும் சொல்லியனுப்பினார்.

அம்மா அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். ஓடுகிற மிஷினை ஆள் இல்லாமல் விட்டுப் பழக்கமில்லாதவள் அவள். என்னைப் பார்த்துக்கொள்ள ஷிப்டு போட்டுவிட்டாள். அம்மா வேலைக்குப் போனால் அத்தை. அத்தை சமைக்கப் போனால் எதிர்வீட்டு அக்கா. மூன்று பேருமே மில்லில் வேலை பார்த்த கைகள். அடுத்த ஆள் வராமல் ஒருத்தி நகர மாட்டாள். முறை மாறும்போது வாசலில் நின்று ஒப்படைப்பு நடக்கும்.

“ஓட்டம் எப்படி?” என்று அக்கா கேட்பாள்.

“காலைல ஒரு தடவ நின்னுச்சு. இப்ப ஓடுது” என்பாள் அத்தை.

“சாப்பாடு?”

“மூணு தோசை. நாலாவதுக்கு மொறைக்கா.”

உள்ளே படுத்திருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. வாசலில் இருவரும் திடுக்கிட்டு எட்டிப் பார்த்தார்கள். அன்றைய ஒப்படைப்பில் அதுவும் சேர்ந்தது.

வியாழக்கிழமை இதைச் சொன்னபோது ஆலோசகரும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, அவர்கள் உன்னிடம் கேட்கிறார்களா என்றார். யோசித்துப் பார்த்தேன். மூன்று பேர் என்னைப் பற்றிப் பேசினார்களே தவிர, என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அடுத்த வாரம் அத்தையைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

அத்தை பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள், மலை தெரிய வேண்டுமாம். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் அவள் முகத்தில் பழைய சந்தேகம் வந்து உட்கார்ந்தது. காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறதா என்று இவளிடமே கேளுங்கள் என்று ஆலோசகர் அத்தையிடம் சொன்னார்.

“கேட்டா ஞாபகம் வந்துராதா மேடம்?”

“மறந்திருந்தாத்தானம்மா ஞாபகம் வரும்? அது அவ கூடத்தான் இருக்கு. நீங்க கேக்காததால அவ மட்டும் தனியா அதுகூட இருக்கா.”

நான் கற்றுக்கொண்டிருந்த வழிகளை அத்தையிடமும் ஆலோசகர் சொன்னார். வேகம் ஏறும்போது பத்து நிமிடம் தள்ளிப்போட வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவலாம். கைகளுக்கு வேலை கொடுக்கலாம். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். பத்து நிமிடத்தில் அடங்காவிட்டால் இன்னொரு பத்து நிமிடம். அலை மாதிரி ஏறினாலும் இறங்கத்தான் செய்யும்.

மறுநாள் காலை அத்தை முறத்துடன் வந்து உட்கார்ந்தாள்.

“ஏட்டி, இன்னிக்குத் தோணுச்சா?”

குழாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்கிற அதே குரல்.

“இப்பவே தோணுது அத்தை.”

“அப்ப இந்தப் பூண்ட உரி. பத்து நிமிசம்னுல்லா அவிய சொன்னாவ.”

உரித்தேன். அத்தை தன் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். முறத்தில் பாதி தீர்ந்தபோது நெஞ்சில் இருந்தது இறங்கியிருந்தது. எப்போது இறங்கியது என்று கவனிக்கவில்லை.

மே மாதத்துக்குள் எங்கள் வீட்டில் உரிக்கப் பூண்டு மிஞ்சவில்லை. அத்தை அத்தனையையும் ஊறுகாய் போட்டுத் தெருவுக்கே கொடுத்தாள். ஒரு நாள் எதிர்வீட்டு அக்கா காலிப் பாட்டிலோடு வந்து, “ஊறுகா தீந்துபோச்சு. இவளுக்கு இப்பல்லாம் ஒண்ணும் தோணலையோ?” என்றாள். ஒரு கணம் எல்லோரும் விறைத்துப்போனார்கள். முதலில் சிரித்தது நான்தான். யாரும் வாயில் எடுக்கப் பயந்த விஷயத்தைக் கேலி பேசும் அளவுக்கு வந்துவிட்டோம் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

ஷிப்டும் மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஒரு மணி நேரம் தனியாக இருந்தேன், பிறகு ஒரு மதியம் முழுவதும். நானே ஒரு வியாழக்கிழமை தனியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்தேன்.

ஜூன் மாதம் மதுரையிலிருந்து இடம் கிடைத்த தகவல் வந்தது. எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்குள் பயம் ஏறியது. இத்தனை பேர் சந்தோஷப்படும்போது பயம் என்று எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்தேன். மறுநாள் மறுபடியும் என்னைக் காயப்படுத்திக்கொண்டேன்.

அன்று மதியம் அம்மா வேலை முடிந்து வந்து தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தாள். மதுரை கைவிட்டுப் போயிற்று என்று தெரிந்தேதான் அவள் முன்னால் போய் நின்றேன். “அம்மா, இன்னிக்கு என்னால முடியல. பண்ணிட்டேன்” என்றேன்.

அம்மா ஒன்றும் கேட்காமல் காயத்தைக் கழுவி மருந்து போட்டாள். கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மார்ச்சுல நானாத்தான் கண்டுபிடிச்சேன். இப்ப நீயா வந்து சொல்லிட்ட.” பிறகு, “சொல்லத் தெரிஞ்ச புள்ள எந்த ஊர்ல இருந்தா என்ன? மிஷின் ஓடுனாலும் வேற ஆள நிப்பாட்டிட்டு வந்து உன் ஃபோன எடுப்பேன்” என்றாள்.

வியாழன் வரை காத்திருக்காமல் மறுநாளே இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். ஒரு சறுக்கலால் கற்றதெல்லாம் அழிந்துவிடாது என்று ஆலோசகர் சொன்னார். நல்ல செய்திக்கும் பயம் வரலாம் என்பதை நாங்கள் மூவரும் சேர்ந்து என் நோட்டில் குறித்துவைத்தோம். நான் எழுதினேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, திரும்பப் படித்துக் காட்டச் சொல்லி மனத்தில் ஏற்றிக்கொண்டாள்.

வகுப்பு தொடங்க ஒரு வாரம் முன்னதாகவே மதுரைக்கு வந்துவிட்டேன். விடுதி வார்டனிடம் என் விஷயத்தைச் சொல்லியாயிற்று. அறைத் தோழியிடம் பாதி சொல்லியிருக்கிறேன். ஆலோசகர் கொடுத்த கடிதத்தோடு இங்குள்ள மருத்துவமனையில் வரிசையில் நின்று ஓ.பி. சீட்டும் போட்டுவிட்டேன். புதன்கிழமை பத்தரை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றுதான் வகுப்பின் மூன்றாம் நாள். காலையில் இரண்டு மணி நேரம் வர மாட்டேன் என்று துறைக்குக் கடிதம் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘சிகிச்சை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.