மனித வாடையே இல்லாத பள்ளத்தாக்கு

வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் பயண நூல்களில் நம் மலைகளை எப்படிச் சித்திரித்தார்கள் என்பதுதான் விரிவுரையாளர் வாகினியின் ஆய்வு. ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழேயுள்ள ஒரு பள்ளத்தாக்கைப் பற்றி, 'இங்கே மனித வாடையே இல்லை' என்று எழுதியிருந்தான் ஒரு துரை. அந்தப் பச்சைப் பொய்யை அத்தியாயத்தின் முதல் வரியாகப் போட்டு, பிறகு பக்கம் பக்கமாகக் கிழித்தாள். அதற்காகவே அந்தப் பள்ளத்தாக்கு ஊரில் பதுர்தீன் என்பவர் வீட்டில் மாதக்கணக்கில் தங்கி, அவர் மனைவி ஆக்கிப்போட்டதைச் சாப்பிட்டு, பள்ளிவாசல் மையவாடியில் அடக்கம் செய்திருந்த அவருடைய வாப்பாவின் கப்று வரைக்கும் படமெடுத்தாள். புத்தகம் வந்ததும் அவருக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டுமென்று மட்டும் தோன்றவில்லை.

ஹோட்டல் கம்பனியொன்று அந்த நிலத்துக்கு வழக்குப் போட்டது. அதன் சட்டத்தரணி புத்தகத்தை உயர்த்திப் பிடித்து, அந்த முதல் வரியை மட்டும் வாசித்தார். "இதை எழுதியவர் கலாநிதி வாகினி" என்றார். மீதியை வாசிக்கச் சொல்ல ஊர்க்காரர்களுக்குத் தெரியவில்லை. அந்த நேரம் வாகினி லண்டனில் அதே அத்தியாயத்துக்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஹோட்டல் எழும்பிய பிறகே திரும்பி வந்து, நிலம் கம்பனிக்குப் போன விஷயம் தெரிந்து, பதறியடித்து ஓடினாள். ஹோட்டல் கேற்றில் காவல்காரச் சட்டையோடு பதுர்தீன் நின்றார்.

"பதுர்தீன் நானா, நான் அப்பிடி எழுதல்லங்க..."

அவர் கேற்றை அகலத் திறந்துவிட்டார். மையவாடி இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"காரை அங்க போடுங்க மிஸ். அங்க ஒருத்தரும் இல்ல."