மெழுகுத் தண்ணீரில் பூசிய சுவர்

உருகிய மெழுகின் வாசனை சோற்றில் ஏறிவிட்டால், எவ்வளவு ரசம் ஊற்றிப் பிசைந்தாலும் போகாது. இலங்கையின் மாத்தளையில், தமிழர்மீதான கலவரத்தில் எங்கள் சமையலறையான "குசினி" எரிந்துபோனதன் பின் வந்த வறண்ட மாதங்கள் முழுவதும் அந்த வாசனையோடுதான் நாங்கள் சாப்பிட்டோம். முற்றத்துத் தகரத்தின் கீழ் ஒரே ஓர் அடுப்பு இருந்தது. காலையில் அதில் சோறு, பிறகு அம்மா விற்பதற்குச் சாயமிடும் பத்திக் சேலைகளுக்கு மெழுகு, அதன் பிறகு சாயத்துக்கு வெந்நீர், இவற்றுக்கிடையே சுவர் கட்ட வந்த மேசன் பாஸுக்குத் தேநீர்.

அப்பாவுக்குக் குசினி கட்டுவதில் மனமில்லை. அவருடைய தங்கையின் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேற ஆயத்தமாகியிருந்தது. எங்களுக்கும் விண்ணப்பப் படிவம் நிரப்பப்பட்டு, கையெழுத்து மட்டும் மீதியாக அலுமாரியில் கிடந்தது.

"போற ஊருக்கு அடுப்பத் தூக்கிக்கிட்டா போகப்போற, புள்ள?" என்பார் அப்பா, அம்மாவிடம்.

நாவுலவிலிருந்து ஒரு சிங்களப் பெண்மணி, கலவரத்துக்குப் பின் வந்த முதல் ஆளாக, மகளின் கல்யாணத்துக்கென்று ஆறு சேலைகள் கேட்டிருந்தார். "அந்தம்மா வெள்ளிக்கிழம வந்து வாங்கிட்டுப் போகட்டும். வாங்கலன்னா, நீங்க காட்டுற எடத்துல நானே கையெழுத்துப் போடுறேன்" என்றார் அம்மா. ஆறு சேலைகளைப் பொறுத்துத்தான் எங்கள் ஊர் எதுவென்று முடிவாகும் என்பது பத்து வயதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

மஞ்சள் நிற்க வேண்டிய இடத்தில் மெழுகிட்டுச் சிவப்பில் தோய்த்து, மறுபடி மெழுகிட்டுக் கபிலப் பழுப்பில் தோய்த்து, கடைசியில் கொதிநீரில் மெழுகு முழுவதையும் கழற்ற வேண்டும். நூலாய் வடிந்த "பீலி"க் குழாய்த் தண்ணீரை நானும் அம்மாவும் மேட்டில் சுமந்து ஏறினோம். அதனால்தான் நான்கு சேலைகளைக் கொதிக்கவைத்த தண்ணீரைக் கொட்ட அம்மாவுக்கு மனம் வரவில்லை.

"பாஸ், கொட்டிராதீங்க. மேல படிஞ்ச மெழுக எடுத்துட்டேன், கலவைக்கு ஆகும்."

"செவரும் கல்யாணத்துக்குப் போகுதாக்கா, சாயம் போட்டு அனுப்பறீங்க?" என்று சிரித்தபடியே பாஸ் அதில் சீமெந்தைக் குழைத்துப் புதிய அடுப்புச் சுவருக்குப் பூசினார்.

வியாழக்கிழமை கடைசி இரண்டு சேலைகளையும் அண்டாவில் போட்டு, அம்மா புதிய அடுப்பைப் பற்றவைத்தார். சூடு ஏற ஏறச் சுவர் வியர்த்தது. பின் பூச்சு பாளமாகக் கழன்று அண்டாவுக்குள் சரிந்தது. கலவைக்கு அள்ளிய தண்ணீரில் மெழுகு மிச்சமிருந்ததையும் அது சூட்டில் உருகியதையும் அப்போதுதான் உணர்ந்தோம். அம்மா தடியால் சேலைகளைச் சேற்றிலிருந்து தூக்கினார். வாசலில் நின்ற அப்பா என்ன சொல்வாரோ என்று பார்த்தேன். அவர் இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டு பீலிக்கு நடந்தார். சேலைகளை அலச அன்று மாலைக்குள் ஏழு தடவை ஏறி இறங்கினார்.

மறுநாள் அந்தப் பெண்மணி சேலைகளை விரிக்குமுன்பே, ஒன்றின் கரையில் படிந்திருந்த சாம்பல் நிறக் கறையை அம்மா தாமாகவே காட்டி, சுவர் சரிந்ததையும் சொன்னார். வந்தவர் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது மடிப்புக்குள்ள போயிரும்தானே, அக்கா. செவருதான் பாவம்" என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, ஆறையும் வாங்கிக்கொண்டார்.

அவர் போனதும் அம்மா தரையிலேயே சாய்ந்துவிட்டார். "அப்ப நாம இங்கதானாம்மா?" என்று கேட்டேன்.

"மொதல்ல அந்தச் செவத்தக் கொத்தி எறக்கணும்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

சில மாதங்களில் அத்தை குடும்பம் இந்தியாவுக்குப் போயிற்று. எங்கள் படிவம் கையெழுத்தில்லாமலே அலுமாரியில் கிடந்தது. பின்னர் கப்பலும் நின்றுபோயிற்று, அவர்களுடைய கடிதங்களும் ஒவ்வொன்றாய்க் குறைந்து இல்லாமலாயின. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில், அடையாள அட்டையை நீட்டியபடி சோதனைச் சாவடிகளில் நின்றபோதெல்லாம், இங்கேயே இருந்தது சரிதானா என்று நான் நிறுத்துப் பார்த்ததுண்டு. படித்த நாங்கள் அப்படித்தான் நிறுக்கிறோம். இன்று போவதா இருப்பதா என்று எங்கள் வீட்டில் எவரும் பேசுவதில்லை. அந்தக் கேள்வியே மறைந்துவிட்டது. அதற்கு என் பெற்றோர் விடை சொன்னார்களா, அன்றைய களைப்பில் கேள்வியை இறக்கிவைத்தார்களா என்பது மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.