விளையாத வெங்காயம்

என் அக்காவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். அதில் வெங்காயம். எனக்குப் பத்துக்குப் பத்தில் ஒரு பஞ்சர் கடை. எங்கள் இருவரில் யாருக்கு வசதி என்று கேட்டால் யோசிக்காமல் என்னைக் காட்டலாம். டியூபில் ஓட்டை விழுந்தால் விலை சொல்கிறவன் நான். அக்காவோ மூட்டையை இறக்கிவிட்டு வாங்குகிறவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்த வருஷம் அவன் கொடுத்ததில் பிடுங்கிய கூலிகூடத் தேறவில்லை.

அவள் மகளுக்கும் என் மகனுக்கும் ஒரே கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணச் சலுகைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். சலுகை இல்லையென்றால் அக்கா மகளுக்குப் படிப்பும் இல்லை. சேர்ந்தே தாலுகா ஆபீசுக்குப் போனோம்.

எழுத்தர் முதலில் என்னைக் கேட்டார். வியாபாரமே இல்லை சார், ஈ ஓட்டுகிறேன் என்றேன். பதினைந்து வருஷமாகச் சொல்லும் பொய், தானாக வந்துவிடும். அப்படியே எழுதிக்கொண்டார்.

அக்காவிடம் எத்தனை மூட்டை என்றார். நான் அவள் காலை மிதிப்பதற்குள், நூறு மூட்டை, எங்கள் பக்கத்தில் யாருக்கும் அவ்வளவு விளையவில்லை என்று சொல்லிவிட்டாள். பெருமை! அந்த மனிதர் அதை அன்று காலை தன் வீட்டுக்கு வாங்கிய வெங்காயத்தின் விலையால் பெருக்கினார். லட்சக்கணக்கில் சம்பாதிக்கிறவர்களுக்குச் சலுகை எதற்கு என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் நீட்டிய விற்பனைச் சீட்டில் முத்திரை இல்லையாம். உரத்துக்கும் கூலிக்கும் படிவத்தில் கட்டம் இல்லையாம். அவளும் மாமாவும் நாலு மாதம் குனிந்த முதுகுக்குச் சம்பளம் எந்தக் கட்டத்தில் என்று சத்தம் போட்டேன். முறைத்தார்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். பயிர் விளையவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், வருமானம் இல்லை என்று கொடுத்துவிடலாமாம்.

அக்கா பேனாவைத் தொடவில்லை.

“விளைஞ்சுதே சார்,” என்றாள்.

“எழுதித் தொலைக்கா. புள்ள படிக்க வேணாமா?”

எழுதினாள்.

வெளியே வந்ததும் அவளைத் தேற்றப் பார்த்தேன். நான் சொல்லாத பொய்யா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“உள்ளே உக்காந்து தப்பா விலை போட்டவன் வீட்டுக்குப் போய் நிம்மதியா சாப்பிடுவான். விளைய வெச்ச எனக்கு எதுக்குடா வெட்கமா இருக்கு?”