ஒரு நாள் அடையிருந்த முட்டை

முட்டை வியாபாரத்தில் வாயைவிடக் கண்தான் உழைக்கவேணும். கூச்சக்காரிக்குத் தோதான வேலை என்றுதான் தொடங்கினேன். என்னைப்போலக் கூடை சுமந்த உங்களுக்கு மிச்சம் தெரியும்.

வெயிலுக்குப் பிடித்தும் தெரியாதது

உலகச் சண்டைக் காலம். திருகோணமலைத் துறைமுகம் நிறையக் கப்பல். பட்டாள முகாம் குசினிகளில் சமைக்க எத்தனை முட்டை கொடுத்தாலும் காணாது. கைக்குள் பொத்தி, உள்ளே கெட்டதோ என்று வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துத்தான் கொடுப்பேன். ஒருநாள் அடைக்கோழிக்குக் கீழே கிடந்தவை கூடையில் கலந்துவிட்டன. ஒரு நாள் அடையிருந்தது வெயிலில் தெரியாது. குசினிக்காரர் ஒன்றை உடைத்தார். மஞ்சட்கருவில் காசளவு வளையம். "தங்கச்சி, முட்டைக்குத்தான் சொன்னனான், குஞ்சுக்குச் சொல்லேல்லை!"

இரண்டு வரம்பு

திருப்பிக் கொண்டுவந்த கூடையை ஆசுபத்திரி டொக்டர் ஒருவர் மறித்தார். தாதிமாருக்குப் படிப்பிக்க அப்படி முட்டைதான் வேணுமாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில் உடைத்து, பூதக்கண்ணாடியால் என்னையும் பார்க்கவிட்டார். நடுவில் ஒரு கோடு. இரு கரையும் வயல் வரம்பு மாதிரி எழும்பி, சாய்ந்து, நடுவில் ஒட்டியிருந்தன. முனைகள் இன்னும் திறந்தபடி. முழுக்க மூடிக் குழாயானால் தலைப்பக்கம் மூளை, மிச்சம் முள்ளந்தண்டு நரம்பு. மனுசப் பிள்ளைக்கும் இப்படித்தானாம், கருவான நாலாம் கிழமையில். மூடாவிட்டால் முதுகு பிளந்து பிறக்குமாம்.

 என் வயிற்றில் இரண்டாவது பிள்ளை, மூன்று மாதம். எண்ணிப் பார்த்தேன்: சரியாக நாலாம் கிழமையில்தான் குண்டு விழுந்தது, மூத்தவளோடு பதுங்கு குழிக்குள் நடுங்கிக் கிடந்தனான். என்னைப் பற்றிக் கேட்க வெட்கம். "கோழி பயந்தால் மூடாதோ, ஐயா?" என்றேன். "பயத்தாலை ஒண்டுமில்லை, பிள்ளை. எழும்பி ஓடாமல் இருந்தால் காணும்!"

சங்கு

நான் ஓடித்தானே குழிக்குள் விழுந்தனான்!  அடுத்த கிழமை, டொக்டர் திரும்பவும் கேட்டதால் அடைவைத்த மறுநாள் காலை, விமானம் வருகுதென்று மறுபடி சங்கு ஊதியது. கோழி பறந்துவிட்டது. ஆறு முட்டையையும் சேலைத் தலைப்பில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூத்தவளையும் இழுத்தபடி குழிக்குள் இறங்கினேன். விமானச் சத்தம் ஓயும்வரை அசையவில்லை.

கோழி ஓடினதைச் சொல்லிவிட்டு, டொக்டர் உடைத்தபோது சுவரைப் பார்த்து நின்றேன். "ஓடின கோழியின்ரை முட்டையோ இது? வடிவாய் ஒட்டிக்கொண்டு வருது, திரும்பிப் பார்!"

முதற் கேள்வி

அப்படியும் நெஞ்சிடி போகவில்லை. பிள்ளை பிறந்து அழுததும் மருத்துவிச்சியிடம், "அக்கா, முதுகைப் பாருங்கோ" என்றேன். அவ கழுத்திலிருந்து இடுப்புவரை விரலால் மெல்லத் தடவினா. 

"ஒரு வெடிப்பும் இல்லை. எல்லாரும் ஆணோ பெண்ணோ எண்டு கேப்பினம், நீ என்னடி முதுகைக் கேக்கிறாய்?"

ஆணா பெண்ணா என்று நான் கேட்டது மறுநாள்தான். முட்டை விற்றவளுக்கு உடையாமல் வந்து சேர்ந்ததே காணும்.